பயிற்சிக் கூடத்தில் வாய் திறந்து சொல்வதும் மரியாதைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் சிங்கப்பூரின் தற்காப்புக் கலைக் கூடங்களின் அறிமுக வகுப்புகளில் நம் தமிழ்ப் பிள்ளைகள் அதிகமாகச் சேர்வதைக் காண்கிறேன். சமூக மன்றத்தில் டேக்வாண்டோ, கடைவீட்டு மாடியில் முவே தாய், இன்னும் ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு, சிலாட், சிலம்பம் என்று அவர்களுக்குத் தேர்வுகள் பல. நானும் ஜியு-ஜிட்சு பயில்பவள். வார இறுதிகளில் சிறுவர் வகுப்பில் உதவியாளராகவும் இருக்கிறேன். பெற்றோர் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் மாதக் கட்டணம், சீருடையின் விலை, அடுத்த நிறப் பட்டை எப்போது கிடைக்கும் என்பவைதாம். அங்கே பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும், மற்றவர்கள் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அந்தக் கேள்விக்கு உரிய இடத்தைக் கேட்டுத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜூடோ, ஜியு-ஜிட்சு போன்ற மற்போர் வகைக் கலைகளில் முதல் நாளே கற்பிக்கப்பட வேண்டியது ஒரு சிறு செயல். பிடியில் சிக்கியவர் தன் இணையின் உடலிலோ மெத்தையிலோ இரண்டு மூன்று முறை தட்டினால், பிடித்திருப்பவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். கைகள் இரண்டும் சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாய்விட்டும் சொல்லலாம். வலியில் எழும் ஓசையைக்கூடத் தட்டியதாகவே எடுத்துக்கொண்டு விட்டுவிடுவதுதான் நல்ல கூடங்களின் வழக்கம். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாம், இவர் உண்மையாகவே தட்டினாரா என்று யோசிக்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

இந்த விதி ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. முழங்கைப் பூட்டில் மூட்டு அதன் இயல்பான எல்லையைத் தாண்டி வளைக்கப்படுகிறது. வலி தொடங்குவதற்கும் தசைநார் கிழிவதற்கும் இடையே ஓர் அங்குல அசைவுகூட இருப்பதில்லை. குதிகாலைத் திருகும் பிடி அதைவிட மோசமானது. திருகப்படுவது குதிகாலாக இருந்தாலும் பாதிக்கப்படுவது முழங்கால்தான். வலி தெரிவதற்கு முன்பே அங்குள்ள தசைநார்கள் அறுந்துவிடக்கூடும். அதனால்தான் பெரும்பாலான கூடங்கள் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பிடியைத் தடை செய்கின்றன. ஜூடோ போட்டிகளிலோ முழங்கையைத் தவிர வேறெந்த மூட்டையும் பூட்ட அனுமதியில்லை. கழுத்துப் பிடியின் தன்மை வேறு. அது கழுத்தின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. சரியாகப் பிடித்தால் ஏறத்தாழ 10 வினாடிகளில் நினைவு தப்பிவிடும். மூச்சு முட்டாமலேயே கண் இருண்டுவிடுவதால், பழக்கமில்லாதவர் தட்ட வேண்டிய நேரம் எது என்பதையே உணர்வதில்லை. அவருக்காக அதை உணர வேண்டியவர் பிடித்திருப்பவரும் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரும்தான். அப்படி நினைவிழந்து எழுந்தவர் அன்று மீண்டும் மெத்தைக்கு வரக்கூடாது. அவர் எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் அனுமதிக்கக்கூடாது.

விதி எளிது; அதைக் கடைப்பிடிப்பதில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் வருகிறது. தட்டினால் தோற்றுவிட்டதாக அர்த்தம் என்ற எண்ணம் இளையரிடம் ஆழமாக இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், தந்தை பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் தட்டாமல் தாங்கிக்கொண்டதை நான் கண்டேன். பிடித்திருந்தவரும் அவர் வயதுடையவர்தான், எப்போது விடுவது என்று தெரியாதவர். முழங்கையில் கேட்ட ஓசையை அந்த அறையில் இருந்த எல்லாரும் கேட்டோம். மாதக்கணக்கில் இயன்மருத்துவம் செய்த பிறகே அந்த மாணவரால் கையை முழுதாக நீட்ட முடிந்தது. தந்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால், “பரவாயில்லை, தட்டு” என்று வீட்டில் முன்கூட்டியே அவர் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுவே. மூத்தவர்களை அண்ணன், அக்கா என்றும், கற்றுத்தருபவரை ஆசான் அல்லது மாஸ்டர் என்றும் அழைத்து வளர்ந்தவர்கள் நாம். இது நல்ல பண்பு. சிலம்பத்தில் கம்பை எடுக்குமுன் மண்ணைத் தொட்டு வணங்கிச் சலாவரிசை செய்வதும், முவே தாயில் போட்டிக்கு முன் குருவணக்க ஆட்டம் ஆடுவதும், ஜூடோவில் மெத்தையின் விளிம்பில் தலைவணங்குவதும் ஒரே மனநிலையிலிருந்து பிறந்தவை. ஆனால் இந்த மரியாதை நம் பிள்ளைகளிடம் பல வேளைகளில் வாய் திறவாமையாக மாறிவிடுகிறது. தன்னைவிட இருபது கிலோ எடை கூடுதலான ஒருவர் முழு வேகத்தில் மோதும்போது, “அண்ணா, கொஞ்சம் மெதுவாக” என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தோள்பட்டை வலிக்கிறது, இன்று என்னால் முடியாது என்று ஆசிரியரிடம் சொல்வதை எதிர்த்துப் பேசுவதாகக் கருதுகிறார்கள். கூடத்தில் மிகப் புதியவரும் மிக மெலிந்தவரும் தயங்காமல் இவற்றைச் சொல்ல முடிந்தால்தான் அந்தக் கூடத்தில் மரியாதை இருக்கிறது என்று நான் சொல்வேன். தலைவணங்கும் கோணம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், புதியவர் அஞ்சி ஒடுங்கும் இடத்தில் அந்த வணக்கத்திற்குப் பொருளில்லை.

மூத்தவர்களின் கடமையும் இதில் அடங்கியிருக்கிறது. 1882ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஜூடோவைத் தோற்றுவித்த கனோ ஜிகோரோ, தானும் பிறரும் சேர்ந்தே நலம்பெற வேண்டும் என்பதை அந்தக் கலையின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தார். பயிற்சி இணையின் உடல் நமக்கு நம்பி ஒப்படைக்கப்பட்டது. அதைப் பழுதின்றித் திருப்பித் தருவது நம் பொறுப்பு. ஜியு-ஜிட்சுவில் நீல, ஊதாப் பட்டை அணிந்த மூத்தவர்கள் புதியவருடன் பயிலும்போது வேகத்தையும் பலத்தையும் அவரே தீர்மானிக்க விட வேண்டும். பிடியைப் படிப்படியாக இறுக்கி, தட்டுவதற்கு அவகாசம் தர வேண்டும். இணையைத் தூக்கி மெத்தையில் அறைவதும், இரு கால்களால் கத்தரிபோல் இணையின் கால்களை வெட்டி வீழ்த்துவதும் பல போட்டிகளிலேயே தடைசெய்யப்பட்டவை என்பதைப் புதியவர்கள் அறிய மாட்டார்கள். அதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் மூத்தவர்களே.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, 1983 தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகளில் 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி ஜூடோவில் உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி தலைக்காயத்தால் நேர்ந்தது. அப்போதுதான் சேர்ந்திருந்த முதலாண்டு மாணவர்களே அதிகம் பலியானார்கள். விழக் கற்றுக்கொள்ளும் முன்பே அவர்கள் வீசப்பட்டார்கள். மோவாயை மார்போடு ஒட்டி, கையால் மெத்தையை அறைந்து, பின்மண்டை தரையில் படாமல் விழுவதற்கு உடல் பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பொறுமையான பயிற்சி தேவை. சிறுவர் வகுப்பில் விழும் பயிற்சி தொடங்கினால், “இது எதற்கு, சண்டை எப்போது கற்றுத்தருவீர்கள்?” என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டில் ஜப்பானிய ஜூடோ சம்மேளனம், தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசிய அளவிலான தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. வெற்றியே குறி என்றாகி, சிறுவர்களை எடை குறைக்க வைப்பதும், பெற்றோரும் பயிற்றுவிப்பாளரும் நடுவரை நோக்கிக் கத்துவதும் பெருகியதே காரணம். நம் ஊர்ப் போட்டிகளில் பார்வையாளர் பகுதியிலிருந்து எழும் “விடாதே, முடி!” என்ற குரல்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த முடிவு என் நினைவுக்கு வருகிறது.

குத்தும் உதையும் கொண்ட முவே தாய் போன்ற கலைகளில் தலைதான் முதல் கவலை. மோதல் பயிற்சிக்கு 16 அவுன்ஸ் கையுறை, பல்காப்பு, கீழ்க்கால் காப்பு ஆகியவற்றைப் பெரும்பாலான கூடங்கள் கட்டாயமாக்குகின்றன, மகிழ்ச்சி. ஆனால் தலைக்கவசம் அணிந்துவிட்டால் பிள்ளையின் மூளைக்கு ஆபத்தில்லை என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க இயலாது. மூளை அதிர்ச்சி ஏற்பட நினைவிழக்க வேண்டும் என்பதில்லை. அடிபட்ட பின் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்பது, வழக்கத்திற்கு மாறான எரிச்சல் என எது தெரிந்தாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, கைகால் தளர்ந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழைக்கத் தயங்கக்கூடாது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே மோதல் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும் என்பது அனைத்துலக அளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. அடுத்த வாரம் போட்டி இருக்கிறது என்பதற்காக இதைச் சுருக்கும் பயிற்றுவிப்பாளரிடம் என் பிள்ளையை விட மாட்டேன்.

மேடையேறும் ஆசை பற்றியும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் மரினா பே சேண்ட்ஸில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில், வேறொருவருக்குப் பதிலாகக் குறுகிய கால அவகாசத்தில் முவே தாய் மேடையேறிய, உடற்கட்டழகுத் துறையில் அறியப்பட்ட 32 வயது சிங்கப்பூர் இந்தியர் ஒருவர் அன்றிரவே உயிரிழந்தார். நம் சமூகம் முழுவதும் அன்று அதிர்ந்தது. முறுக்கேறிய உடலும் துணிவும் இருந்தால் மேடையேறலாம் என்று எண்ணும் இளையர் அதை மறக்கக்கூடாது. உடல்நலப் பரிசோதனையும், பல மாதப் பயிற்சியும், “நீ இன்னும் தயாராகவில்லை” என்று சொல்லும் துணிவுள்ள ஆசிரியரும் இல்லாமல் எந்த மேடையும் வேண்டாம். எடை குறைப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இதே வகைதான். 2015 டிசம்பரில் 21 வயதுச் சீன வீரர் ஒருவர் எடை குறைக்கும்போது உயிரிழந்த பிறகே, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் என்னும் தற்காப்புக் கலைப் போட்டி அமைப்பு அந்த வழக்கத்தைத் தடை செய்து, வீரர்களின் உடல் நீர்ச்சத்தைச் சோதிக்கத் தொடங்கியது.

சுத்தம் பற்றிய விதிகள் அற்பமாகத் தோன்றலாம். நம் தட்பவெப்பத்தில் அவை அற்பமல்ல. படர்தாமரையும் சீழ்க்கொப்புளமும் வியர்வை ஊறிய மெத்தையில் ஒருவரிடமிருந்து ஒரு வகுப்புக்கே பரவிவிடும். நகங்களை ஒட்ட வெட்டுவது, வகுப்புக்கு முன் கைகால் கழுவுவது, ஒரு முறை அணிந்த சீருடையைத் துவைக்காமல் மறுமுறை அணியாமல் இருப்பது ஆகியவை இணைக்கு நாம் செய்யும் மரியாதை. மழைக்காலத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் துணிக்கம்பில் போட்ட தடித்த ஜூடோச் சட்டை இரண்டு நாளாகியும் காய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காகவே வாரம் இரு வகுப்புக்குச் செல்பவர்கள் இரண்டு சீருடைகள் வைத்திருப்பது நல்லது. தோலில் ஐயத்திற்குரிய வட்டம் தெரிந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வீட்டிலிருங்கள். வாசலிலேயே காலணியைக் கழற்றி வீட்டுக்குள் நுழையும் நாம், மெத்தையும் அப்படிப்பட்ட தளம் என்பதை எளிதில் புரிந்துகொள்ளலாம். ஆயினும் கழிவறைக்கு வெறுங்காலுடன் சென்று அப்படியே மெத்தைக்குத் திரும்பும் பிள்ளைகளை வாரந்தோறும் நிறுத்தவேண்டியிருக்கிறது.

நம் வீடுகளுக்கே உரிய சிலவற்றை எந்தக் கூடத்தின் அறிவிப்புப் பலகையிலும் காண முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். வகுப்புக்கு வரும் நாளில் தலையில் எண்ணெய் தேய்த்து அனுப்பாதீர்கள். மெத்தையில் எண்ணெய் படிந்தால் அடுத்தவர் வழுக்கி விழுவார். கோயிலில் கட்டிய கைக்கயிற்றில் இணையின் விரல் சிக்கினால் விரல் முறியும். கயிற்றைக் கழற்ற மனமில்லாவிட்டால் விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் ஒட்டுப்பட்டையால் இறுகச் சுற்றி வையுங்கள். காதணி, மூக்குத்தி, காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டு வருவது நல்லது. தாலியைக் கழற்றுவது மனத்துக்கு ஒப்பாத சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் உடல் மோதாத பயிற்சிகளை மட்டும் செய்யலாம் என்று ஆசிரியரிடம் பேசி முடிவெடுக்கலாம். ஆனால் கழுத்தில் சங்கிலியுடன் மற்போர்ப் பயிற்சியில் இறங்குவது அவருக்கே உயிராபத்து. சமயக் காரணங்களால் தலைவணங்கத் தயங்கும் குடும்பங்களும் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லலாம். நெஞ்சில் கைவைத்து நிற்பதை மரியாதையாக ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர்கள் பலரை நான் அறிவேன்.

பெண்கள் பயில்வது பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மற்போர் வகைக் கலையில் உடல் நெருக்கம் தவிர்க்க முடியாதது. அதனாலேயே தாய்மார்கள் பலர் மகளை அனுப்பத் தயங்குகிறார்கள். அவர்களின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதற்கு உரிய விடை, நல்ல கூடம் எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்வதே. யாருடன் பயில்வது என்பதைத் தேர்ந்தெடுக்கவும், ஒருவருடன் பயில விருப்பமில்லை என்று காரணம் சொல்லாமல் மறுக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அந்த மறுப்பு கேள்வியின்றி ஏற்கப்பட வேண்டும். ஆசிரியர் ஒரு பிடியைக் காட்டும்போது, எங்கே தொடப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொட வேண்டும். சிறுவர் சிறுமியருடன் ஆசிரியர் தனியறையில் இருப்பதும், பெற்றோர் அறியாமல் அவர்களுக்கு இரவில் குறுஞ்செய்தி அனுப்புவதும் கூடாதவை. பெற்றோர் வகுப்பைப் பார்க்கவே கூடாது என்று கதவை மூடும் கூடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். தவறு நடந்தால் புகார் செய்வதற்கு, அரசாங்க விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட்எஸ்ஜியின் கீழ் பாதுகாப்பான விளையாட்டுக்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது என்பதும் நம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

சேரும்போது கையெழுத்திடச் சொல்லும் பொறுப்புத்துறப்புப் படிவத்தை வாசிக்காமலேயே பலர் கையெழுத்திடுகிறார்கள். எது நடந்தாலும் கூடம் பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருக்கலாம். ஆயினும், ஒரு வணிகம் தன் கவனக்குறைவால் நேரும் மரணத்திற்கோ உடற்காயத்திற்கோ உரிய பொறுப்பிலிருந்து இத்தகைய வாசகத்தின் மூலம் விலகிக்கொள்ள முடியாது என்று சிங்கப்பூரின் நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் சொல்கிறது. விபத்துக்குப் பிறகு, “கையெழுத்துப் போட்டுவிட்டோமே” என்று தலைகுனிந்து திரும்ப வேண்டியதில்லை.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. அறிமுக வகுப்புக்குப் பிள்ளையுடன் செல்லுங்கள். கைத்தொலைபேசியை ஒதுக்கிவைத்துவிட்டு முழு வகுப்பையும் பாருங்கள். ஒருவர் தட்டியதும் மற்றவர் எவ்வளவு விரைவாக விடுகிறார், புதியவரிடம் மூத்தவர் எப்படிப் பேசுகிறார், அழும் சிறுவனை ஆசிரியர் கேலி செய்கிறாரா, அருகில் அமர்ந்து கேட்கிறாரா என்று கவனியுங்கள். பயிற்றுவிப்பாளர் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் இருக்கிறாரா, அந்த நேரத்தில் முதலுதவி தெரிந்தவர் யார், இதய இயக்கமீட்புச் சாதனம் எங்கே இருக்கிறது, புதியவர் எத்தனை வாரம் கழித்து மோதல் பயிற்சியில் சேர்க்கப்படுவார் என்று கேளுங்கள். கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக எண்ண மாட்டார்கள். எண்ணினால் வேறு கூடம் தேடிக்கொள்ளலாம்.

கூடம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு விடுமுறையின் தொடக்கத்திலும், புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோரை அரை மணி நேரம் மெத்தையோரம் அமரவைத்து, தட்டுவது என்றால் என்ன, பார்வையாளர் இருக்கையிலிருந்து எதைக் கத்தக்கூடாது என்பவற்றை விளக்குங்கள். விரும்பும் பெற்றோரை மெத்தையில் இறக்கி, ஒரு மெதுவான பிடியில் சிக்கித் தாங்களே தட்டிப் பார்க்கச் செய்யுங்கள். தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்றால், கூடங்களில் பயிலும் என்னைப் போன்றோர் பலர் ஊதியம் எதிர்பாராமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி,
தெம்பனிஸ்